வெயிலுக்கும் மழைக்கும் நம் காரின் டயர்: புறப்படுமுன் ஐந்து நிமிடம்



நம் குடும்பங்கள் காரில் ஏறும் நாட்களை எண்ணிப் பாருங்கள். உறவினர் வீட்டு நிக்காஹ், பெருநாள் விடுமுறை, மதுரைக்கோ திருச்சிக்கோ மருத்துவரைப் பார்க்கப் போவது, வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளையை விமான நிலையத்திலிருந்து அழைத்து வருவது. ஐந்து பேர் உட்காரும் வண்டியில் ஏழு பேர் ஏறுகிறோம். டிக்கி நிறையப் பெட்டிகள். புறப்படுமுன் டீசல் பார்க்கிறோம், ஏ.சி. பார்க்கிறோம், தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொள்கிறோம். டயரை மட்டும் பார்ப்பதில்லை.

ஆனால் அத்தனை பேரையும் சாலையோடு பிடித்து வைத்திருப்பது அந்த நான்கு டயர்கள்தாம். ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவே. பிரேக் பிடிப்பதும், வளைவில் திரும்புவதும், மழையில் வழுக்காமல் நிற்பதும் இந்த நான்கு உள்ளங்கைகளை நம்பித்தான்.

எங்களில் ஒருவர் வீட்டில் நடந்ததைச் சொல்கிறோம். மூத்த மகன் வளைகுடாவிலிருந்து பதினான்கு மாதம் கழித்து ஊருக்கு வந்தார். அதுவரை வீட்டுக் கார் போர்டிகோவில் துணி போர்த்தி நின்றது. வந்த மூன்றாம் நாள் உம்மா, வாப்பா, மனைவி, மூன்று பிள்ளைகளோடு கொடைக்கானலுக்குப் புறப்பட்டார். மே மாத நண்பகல். நான்குவழிச் சாலையில் பின்பக்க இடது டயர் வெடித்தது. வண்டி இரண்டு தடம் தாண்டி இழுத்துக்கொண்டு போய், நடுத்திட்டை ஒட்டி நின்றது. பின்னால் லாரி எதுவும் வரவில்லை. அல்ஹம்துலில்லாஹ், யாருக்கும் காயமில்லை.

டயரைப் பார்த்த மெக்கானிக் மூன்று விஷயங்களைக் காட்டினார். டயரின் பக்கச் சுவரில் மெல்லிய வெடிப்புகள் ஓடியிருந்தன. அதன் வயது எட்டு ஆண்டு. 32 இருக்கவேண்டிய காற்று, மிச்சமிருந்த மூன்று டயர்களிலும் 22-தான் இருந்தது. வண்டியிலோ ஆளும் பெட்டியும் அளவுக்கு மேல். "பட்டன் புதுசு மாதிரி இருந்ததே!" என்றார் மகன். இருந்தது, வண்டி ஓடவே இல்லையே, பட்டன் எப்படித் தேயும்?

இந்த மூன்றையும் வீட்டு வாசலிலேயே கண்டுபிடித்திருக்கலாம். எப்படி என்பதுதான் இந்த இதழின் பாடம்.

வெயிலில் காற்றைக் குறைக்கலாமா?

நம் பக்கம் பலரும் நம்பும் ஒரு செய்தி உண்டு. "வெயில் காலத்தில் காற்று விரிவடையும், டயர் வெடித்துவிடும், அதனால் நான்கைந்து பாயிண்ட் குறைத்து வை" என்பார்கள். கேட்பதற்குச் சரியாகத் தோன்றும். ஆனால் உண்மை இதற்கு நேர் எதிர்.

வண்டியின் எடையைத் தாங்குவது ரப்பர் அல்ல, உள்ளே அடைத்து வைத்த காற்று. காற்று குறைந்தால் டயர் அமுங்குகிறது. சக்கரம் ஒவ்வொரு சுற்றுச் சுற்றும்போதும் பக்கச் சுவர் மடங்கி மடங்கி நிமிர்கிறது. ஒரு கம்பியை எடுத்து அங்கேயும் இங்கேயும் பலமுறை வளைத்துவிட்டு, வளைத்த இடத்தைத் தொட்டுப் பாருங்கள்; சுடும். டயரிலும் அதேதான் நடக்கிறது, ஒரு நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான முறை. அந்தச் சூடு ரப்பருக்கும் உள்ளிருக்கும் இழைகளுக்கும் இடையேயான பிடிப்பைத் தளர்த்துகிறது. கடைசியில் டயர் கிழிகிறது. நாம் அதை "வெயிலில் வெடித்தது" என்கிறோம். பெரும்பாலும் காற்றுக் குறைவால் வெந்து கிழிந்தது என்பதே சரி. வெயிலும், வேகமும், சுமையும் அந்த வேலையை விரைவாக்குகின்றன.

அப்படியானால் ஓடும்போது காற்றழுத்தம் ஏறுவதில்லையா? ஏறும். காலையில் 32 வைத்துப் புறப்பட்ட டயர், நெடுஞ்சாலையில் ஓடியபின் 36, 38 காட்டலாம். அந்த ஏற்றத்தையும் கணக்கில் வைத்துத்தான் நிறுவனம் 32 என்று குறித்திருக்கிறது. ஆகவே வழியில் நிறுத்தி, சூடான டயரிலிருந்து காற்றை இறக்கக் கூடாது. இறக்கினால் ஆறிய பிறகு அது காற்றுக் குறைந்த டயர்.

மகாராஷ்டிரத்தில் நாக்பூரையும் மும்பையையும் இணைக்கும் 701 கி.மீ. சம்ருத்தி விரைவுச்சாலையின் முதல் பகுதி 2022 டிசம்பரில் திறக்கப்பட்டது. நேராக நீளும் கான்கிரீட் சாலை, நிற்காத வேகம். டயர் வெடித்து விபத்துகள் நேரவே, அங்கே போக்குவரத்து அதிகாரிகள் வண்டிகளின் டயர்களைச் சோதித்து, தேய்ந்து போனவற்றை உள்ளே விடாமல் திருப்பி அனுப்பத் தொடங்கினார்கள். நம் சாலைகளில் அப்படி நிறுத்திப் பார்க்க ஆளில்லை. நாமே பார்க்க வேண்டும்.

காற்றைப் பார்க்கும் முறை

எவ்வளவு காற்று என்பதைப் பக்கத்து வீட்டுக்காரரிடமோ, பங்கில் காற்று பிடிப்பவரிடமோ கேட்கவேண்டாம். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், கதவு அடையும் சட்டத்தில் ஒரு சிறு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். சில வண்டிகளில் டீசல் மூடியின் உட்புறம் இருக்கும். முன் டயர், பின் டயர் இரண்டுக்கும் தனித்தனி எண் உண்டு. பல வண்டிகளில் ஆள் குறைவாக இருக்கும்போது ஓர் அளவும், முழுச் சுமைக்கு வேறு அளவும் போட்டிருப்பார்கள். குடும்பத்தோடு வெளியூர் போகும்போது நமக்குத் தேவை இரண்டாவது எண். டயரின் மேலேயே அச்சிட்டிருக்கும் உச்ச அளவை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது டயர் தாங்கும் எல்லை, நாம் நிரப்பவேண்டிய அளவு அல்ல.

டயர் ஆறியிருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். காலையில் வண்டி எடுக்குமுன் பார்ப்பது நல்லது. இல்லையெனில் வண்டி நின்று மூன்று மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். மாதம் ஒருமுறையும், ஒவ்வொரு நீண்ட பயணத்துக்கு முன்பும் பாருங்கள். ஓடாமல் நின்றாலும் டயரிலிருந்து காற்று மெல்லக் கசியும். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. இன்றைய ரேடியல் டயர்கள் எட்டுப் பத்துப் பாயிண்ட் குறைந்தாலும் சாதாரணமாகவே தெரியும். கையடக்கமான அழுத்தமானி ஒன்றை வாங்கி வண்டியிலேயே வைத்துக்கொள்வது நல்லது. காரின் திரையில் எச்சரிக்கை விளக்கு இருக்கிறதே என்று இருந்துவிட வேண்டாம். பல வண்டிகளில் காற்று நன்றாகக் குறைந்த பிறகே அது எரியும்.

நைட்ரஜன் நிரப்பலாமா என்று கேட்கிறார்கள். நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான். நைட்ரஜன் சற்று மெதுவாகக் கசியும், பயன் அவ்வளவே. அதை நிரப்பிவிட்டோம் என்பதற்காகச் சோதிப்பதை நிறுத்தக் கூடாது. அவசரத்துக்கு அதன் மேல் சாதாரணக் காற்று பிடித்தாலும் கெடுதல் இல்லை.

ஸ்டெப்னியையும் மறக்க வேண்டாம். தேவைப்படும் நாளில்தான் அதில் காற்றில்லை என்பது தெரியவரும். சில புது வண்டிகளில் ஸ்டெப்னி சிறிய அளவில் இருக்கும். அதன் மேல் எழுதியிருக்கும் வேகத்துக்கு மேல், பெரும்பாலும் மணிக்கு 80 கி.மீ., போகக் கூடாது. பஞ்சர் கடை வரை போவதற்கே அது.

மழைக்கு முன்: பட்டன் எவ்வளவு இருக்கிறது?

தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. ஆகவே டயரை மாற்றும் எண்ணம் இருந்தால் செப்டம்பரிலேயே முடித்துவிடுங்கள்.

டயரின் மேல் இருக்கும் பட்டன் வரிகள் அழகுக்கல்ல. சாலையில் நிற்கும் தண்ணீரை அள்ளி வெளியே தள்ளும் வாய்க்கால்கள் அவை. வாய்க்கால் ஆழம் குறைந்தால் தண்ணீர் வடிய வழியில்லை. வேகமாகப் போகும்போது டயருக்கும் சாலைக்கும் நடுவில் தண்ணீர் ஒரு படலமாக நின்று, வண்டி அதன் மேல் மிதக்கும். அப்போது ஸ்டீயரிங்கும் பிடிக்காது, பிரேக்கும் பிடிக்காது. காற்றுக் குறைந்த டயர் இன்னும் குறைந்த வேகத்திலேயே மிதந்துவிடும்.

புது டயரில் வரியின் ஆழம் ஏழு, எட்டு மி.மீ. அளவில் இருக்கும். சட்டம் காருக்கு அனுமதிக்கும் கடைசி அளவு 1.6 மி.மீ. இதை அளக்கக் கருவி தேவையில்லை. வரிகளுக்குள் விரலை விட்டுப் பாருங்கள். குறுக்கே சிறு மேடுகள் தட்டுப்படும். மேல்ரப்பர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் அந்த டயரின் காலம் முடிந்தது. ஆனால் மழைக்காலத்துக்கு அதுவரை காத்திருப்பது ஆபத்து. 3 மி.மீ. அளவுக்கு வந்துவிட்டாலே மழைக்கு முன் மாற்றுவது நம் பிள்ளைகளுக்கு நாம் செய்யும் பாதுகாப்பு.

மழையில் வண்டி மிதப்பதுபோல் தோன்றி ஸ்டீயரிங் திடீரென்று லேசானால், பிரேக்கை மிதிக்காதீர்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்திருங்கள். வேகம் குறையும்போது பிடிப்பு திரும்பி வரும். தண்ணீர் தேங்கிய இடத்தில் பள்ளம் ஒளிந்திருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

தேய்மானம் ஒரு செய்தியும் சொல்லும். இரு ஓரங்களும் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவாக ஓட்டியிருக்கிறோம். நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். ஒரே ஓரம் தேய்ந்தால் வீல் அலைன்மென்ட் கெட்டிருக்கிறது. அங்கங்கே திட்டுத் திட்டாகத் தேய்ந்தால் பேலன்சிங்கையோ ஷாக் அப்சார்பரையோ பார்க்க வேண்டும். எட்டாயிரம் முதல் பத்தாயிரம் கி.மீ.க்கு ஒருமுறை முன்னும் பின்னும் டயர்களை மாற்றிப் போட்டால் நான்கும் ஒரேபோல் தேயும்.

டயருக்கும் வயது உண்டு

நம் வீடுகளுக்கு இது மிக அவசியமான பகுதி. ஆண்கள் வெளிநாட்டில் இருக்க, கார் மாதக்கணக்கில் நிற்கும் வீடுகள் நம்மிடம் ஏராளம்.

டயரின் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் தேடுங்கள். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. பல டயர்களில் இது ஒரு பக்கத்தில்தான் இருக்கும். வெளிப்பக்கம் தெரியாவிட்டால் உட்பக்கம் பார்க்க வேண்டும். ஐந்து ஆண்டு கடந்த டயரை ஆண்டுக்கு ஒருமுறையாவது நல்ல கடையில் காட்டுங்கள். பட்டன் எவ்வளவு இருந்தாலும் பத்து ஆண்டைத் தாண்டக் கூடாது என்பது டயர் நிறுவனங்களே சொல்லும் எல்லை. நம் வெயிலில் நிற்கும் வண்டிக்கு அதற்கு முன்பே முதுமை வந்துவிடும். பக்கச் சுவரில் மெல்லிய வெடிப்பு தெரிந்தால் வயதை எண்ண வேண்டியதில்லை, மாற்றிவிடுங்கள்.

ஒரே இடத்தில் நிற்கும் டயரில் தரையில் பட்ட பகுதி தட்டையாகிவிடும். ஆகவே ஊரில் இருப்பவர்கள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வண்டியை எடுத்துச் சற்றுத் தூரம் ஓட்டச் சொல்லுங்கள். ஓட்ட ஆளில்லையென்றால் காற்றையாவது மாதந்தோறும் பார்த்து நிரப்பட்டும். வெயில் நேராக விழாத இடத்தில் நிறுத்துங்கள். விடுமுறையில் வந்தவர் நீண்ட பயணம் புறப்படுமுன் டயர் கடைக்கு ஒருமுறை போய் வரட்டும். பதினைந்து நிமிட வேலை.

நம் சாலைகளும் டயரும்

கிராமத்துச் சாலைகளில் நமக்குப் பெரிய எதிரி சீமைக் கருவேல முள். டியூப்லெஸ் டயரில் முள் ஏறினாலும் காற்று உடனே போகாது. நாள்கணக்கில் மெல்ல இறங்கும். ஒரே டயரில் மட்டும் அடிக்கடி காற்று குறைந்தால் சோப்புத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். குமிழி வரும் இடத்தில் முள் இருக்கும். வெளியிலிருந்து குச்சிபோல் செருகி அடைப்பது அவசரத்துக்கு உதவும். டயரைக் கழற்றி உட்புறம் பார்த்து, காளான் வடிவ ஒட்டு வைப்பதே நிலையான பழுது. பக்கச் சுவரில் விழுந்த ஓட்டைக்கு எந்த ஒட்டும் செல்லாது.

பள்ளத்தில் வேகமாக இறங்கி "டம்" என்று அடித்தால், அடுத்து நிறுத்தும் இடத்தில் இறங்கிப் பாருங்கள். பக்கச் சுவரில் முட்டைபோல் வீக்கம் இருந்தால் உள்ளே இழைகள் அறுந்துவிட்டன. அந்த டயரோடு நெடுஞ்சாலை ஏறக் கூடாது. ஸ்டெப்னியை மாட்டுங்கள்.

கொடைக்கானல், ஏற்காடு போன்ற மலைச்சாலைகளில் இறங்கும்போது பிரேக்கிலேயே கால் வைத்திருந்தால், அந்தச் சூடு ரிம் வழியாக டயருக்கும் ஏறும். ஏறிய அதே கியரில் இறங்குவது பழைய ஓட்டுநர்கள் சொல்லும் பாடம். இன்றும் அதுவே சரி.

புது டயர் வாங்கும்போது

டயரின் பக்கத்தில் 185/65 ஆர்15 88எச் என்பதுபோல் எழுதியிருக்கும். 185 என்பது மி.மீ. கணக்கில் அகலம். 65 என்பது அந்த அகலத்தில் எத்தனை விழுக்காடு உயரம் என்பது. ஆர் என்றால் ரேடியல். 15 என்பது ரிம்மின் அங்குலம். 88 என்பது ஒரு டயர் 560 கிலோ தாங்கும் என்பதற்கான குறி. எச் என்பது மணிக்கு 210 கி.மீ. வரைக்கான வேகக் குறி. உங்கள் வண்டிக்கு நிறுவனம் சொன்ன எண்களையே கேட்டு வாங்குங்கள். சுமைக் குறியும் வேகக் குறியும் அதற்குக் குறைந்ததாக இருக்கக் கூடாது. பார்வைக்காக அகல டயர் போட்டால் ஸ்டீயரிங் கனக்கும், மைலேஜ் குறையும், ஸ்பீடாமீட்டரும் பொய் சொல்லலாம்.

குளிர்நாடுகளில் பனிக்காலத்துக்குத் தனி டயர் உண்டு. ஏழு டிகிரிக்குக் கீழே குளிரும் இடங்களுக்கானது அது. நம் சமவெளியில் அது தேவையில்லை. தார்ச்சாலையில் அதிகம் ஓடும் வண்டிக்கு, ஈரத்தில் நல்ல பிடிப்புள்ள சாதாரணச் சாலை டயரே போதும். தினமும் தோப்புக்கும் மண்பாதைக்கும் போகிறவர்கள் மட்டும் தடித்த பட்டன் உள்ள டயரை யோசிக்கலாம். அது நெடுஞ்சாலையில் சற்றுச் சத்தம் போடும்.

கடையில் மூன்றைப் பாருங்கள்: ஐ.எஸ்.ஐ. முத்திரை, தயாரித்த தேதி, பில். நெடுநாள் கிடங்கில் கிடந்த டயரைத் தள்ளுபடியில் தந்தால் யோசியுங்கள். பழைய டயர் வாங்குவது கையைக் கடிக்கும் மிச்சம். தேய்ந்த டயரில் வரியை ஆழமாக வெட்டி, கறுப்புப் பூசி விற்பவர்களும் உண்டு. வெட்டிய இடத்தில் இழைக்கு மேல் ரப்பர் மெலிந்திருக்கும். நெடுஞ்சாலையில் அது தாங்காது.

பணம் நெருக்கடியால் இரண்டு டயர் மட்டும் வாங்குகிறோம் என்றால், புதியவற்றைப் பின்னால் போடுங்கள். முன்னால் போடவேண்டும் என்றுதான் பலரும் சொல்வார்கள். ஆனால் மழையில் முன்டயர் வழுக்கினால் வண்டி நேராகப் போகப் பார்க்கும். வேகத்தைக் குறைத்து மீட்டுவிடலாம். பின்டயர் வழுக்கினால் வண்டியே சுற்றிவிடும். அதை மீட்பது கைதேர்ந்தவர்க்கும் கடினம்.

வழியில் வெடித்தால்

முதல் நொடியில் காலும் கையும் செய்ய நினைப்பதைச் செய்யாமல் இருப்பதுதான் காப்பாற்றும். பிரேக்கை ஓங்கி மிதிக்கக் கூடாது. ஸ்டீயரிங்கை இரு கையாலும் இறுகப் பிடித்து, வண்டியை நேராக வைத்திருங்கள். ஆக்சிலரேட்டரை மெல்ல விடுங்கள். வேகம் நன்றாகக் குறைந்த பிறகு இண்டிகேட்டர் போட்டு இடது ஓரம் ஒதுங்குங்கள். நின்றதும் நான்கு விளக்கும் எரியட்டும். பெண்களையும் பிள்ளைகளையும் சாலைக்கு எதிர்ப்புறமாக இறக்கி, தடுப்புக் கம்பிக்கு அப்பால் நிற்கவைத்த பிறகே டயரைப் பாருங்கள். பின்னிருக்கையில் இருப்பவர்களும் சீட் பெல்ட் போட்டிருந்தால் அந்த நொடி இழுப்பில் பிழைப்பது எளிது.

இந்த வாரம் வீட்டில் செய்யுங்கள்

1. கதவுச் சட்டத்தின் ஸ்டிக்கரைப் படித்து, முழுச் சுமைக்கான காற்றளவை ஒரு தாளில் எழுதி வண்டியில் வையுங்கள்.
2. காலையில், வண்டி எடுக்குமுன், ஸ்டெப்னி உட்பட ஐந்து டயரிலும் காற்றை அளந்து நிரப்புங்கள்.
3. ஐந்து டயரின் நான்கு இலக்கத் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள்.
4. பக்கச் சுவர் முழுவதையும் கையால் தடவி வெடிப்பு, வீக்கம், ஆணி, முள் இருக்கிறதா பாருங்கள்.
5. வரிகளுக்குள் இருக்கும் குறுக்கு மேட்டைத் தேடிப் பட்டனின் மிச்சத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்.

இந்த ஐந்தையும் வீட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து செய்யுங்கள். பெண்பிள்ளைகளையும் கூப்பிடுங்கள், வாப்பா வெளிநாட்டில் இருக்கும் வீட்டில் காற்றைப் பார்க்கத் தெரிந்த ஒருவர் எப்போதும் இருக்க வேண்டும். கொடைக்கானல் போன அந்தக் குடும்பத்தில் இப்போது அந்த வேலை பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளுடையது. ஒவ்வொரு மாதமும் முதல் வெள்ளிக்கிழமை காலையில் ஐந்து எண்களை எழுதி, வாப்பாவுக்கு அனுப்பிவிடுகிறாள்.